அப்பா பெயருக்கு முன்னால் ஒரு சொல்

கரியாலூர்
6 ஜனவரி 2025

அன்புள்ள செந்தமிழ்ச்செல்விக்கு,

ஷாலினி எழுதுகிறேன். கச்சிராயபாளையம் சுப்புராயன் மகள் ஷாலினி. இத்தனை விலாசம் சொல்ல வேண்டிய நிலைமை நமக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை. ஏழு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு வேறு எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

நம்மோடு படித்த தனுஷாவிடம் உன் நம்பரைக் கேட்டேன். "உன் பேரைச் சொன்னாவே மூஞ்சத் திருப்பிக்கினு போறா, நம்பரு வேற கேக்கறியா" என்றாள். இங்கே பள்ளிக்கூடத்துப் பக்கம் சிக்னலும் கிடையாது. அதனால்தான் பஸ்ஸில் பார்சலும் அதற்குள் கடிதமும்.

நான் இங்கே மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். நான்கு வருஷமாக எல்லாப் பாடத்தையும் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் நானே டைப் செய்து, படம் போட்டு வைத்திருந்தேன். எல்லாம் இந்த லேப்டாப்பில்தான். போன வியாழக்கிழமை உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்டது, திரை கறுப்பாகிவிட்டது. சேலத்தில் ஒரு கடையில் காட்டினேன். ஹார்டு டிஸ்க் போய்விட்டது, உள்ளே இருப்பதை மறந்துவிடுங்கள் என்றார்கள். மார்ச் கடைசியில் பரீட்சை. முப்பத்தோரு பிள்ளைகள். அந்தப் பாடங்கள் இல்லாமல் என்ன செய்யப் போகிறேன்.

ஊருக்கு வரும்போது உன் கடை எதிரே இரண்டு தடவை வந்து நின்றேன். உள்ளே வரத் துணிச்சல் வரவில்லை. பழைய விஷயத்தைப் பேசுவதற்காக இதை எழுதவில்லை. முடிந்தால் பார், முடியாது என்றால் அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிடு. கண்டக்டர் பொன்னுரங்கம் அண்ணன் பத்திரமாகக் கொண்டுவருவார்.

இப்படிக்கு,
ஷாலினி


கள்ளக்குறிச்சி
9 ஜனவரி 2025

ஷாலினிக்கு,

லேப்டாப் வந்தது. நீ அதைப் போர்வையில் சுற்றியிருந்த அழகைப் பார்த்துவிட்டு, "யாரு வூட்டுக் கொழந்தம்மா இது" என்று கேட்டுக்கொண்டேதான் பொன்னுரங்கம் அண்ணன் கொடுத்தார்.

சேலத்துக்காரர்கள் சொன்னது முக்கால்வாசி சரி. டிஸ்க் இனி வேலைக்கு ஆகாது. ஆனால் முழுக்கச் சாகவில்லை. கழற்றித் தனியாக மாட்டினால் பத்து நிமிஷம் ஓடுகிறது, பிறகு சூடாகி நின்றுவிடுகிறது. ஆறவைத்து மறுபடி ஓட்டினால் இன்னும் கொஞ்சம் தருகிறது. ஜுரக்காரருக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். ஒரு வாரம் ஆகும். புதிதாக எஸ்எஸ்டி டிஸ்க் போடுகிறேன், அதில் சத்தமும் இருக்காது, சுற்றுகிற பாகமும் இருக்காது.

பழைய விஷயம் பேச வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் பேசுகிறேன். உன் கல்யாணப் பத்திரிகையின் வாசகத்தை உன்னுடைய இதே லேப்டாப்பில் டைப் செய்தது நான். வேறொரு வீட்டுப் பத்திரிகை ஃபைலைத் திறந்து, அதன் மேலேயே உங்கள் பெயர்களை அடித்தேன். எல்லா டிடிபி சென்டரிலும் அப்படித்தான் செய்வார்கள். அந்த வீட்டில் பெண்ணின் அப்பா இல்லை, அதனால் அவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. அதை அழித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். அச்சாகி வந்த ஐந்நூறு பத்திரிகையிலும் 'காலஞ்சென்ற சுப்புராயன்' என்று இருந்தது. அச்சில் இருக்கும்போது என் ஞாபகத்தை யார் கேட்பார்கள், நானே நம்பவில்லை.

உன் அம்மா நான் பொறாமையில் வேண்டுமென்றே செய்ததாக ஊர் முழுக்கச் சொன்னார்கள். எங்கள் அம்மாவை அதன்பிறகு உங்கள் கரும்புக் கொல்லைக்கு வேலைக்குக் கூப்பிடவில்லை. உயிரோடு இருக்கிற மனுஷனைச் செத்தவன் என்று அடித்தவள் என்பது எனக்குப் பட்டப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து நான் யாருக்கும் ஒரு வரிகூட டைப் செய்து கொடுத்ததில்லை. கீபோர்டைத் தொட்டால் கை நடுங்குகிறது. மிஷினைப் பிரித்து மாட்டுகிற வேலைக்கு வந்ததே அதனால்தான், திருகாணியில் எழுத்துப்பிழை வராது.

உன் பாடங்களை எடுத்துத் தருவேன், அது தொழில். எனக்கு நீ ஒன்றே ஒன்று எழுது. நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நினைக்கிறாயா, இல்லையா.

செல்வி


கரியாலூர்
19 ஜனவரி 2025

அன்புள்ள செல்விக்கு,

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்பாவிடம் மட்டும் காட்டினேன். அவருக்கு இப்போது அது வேடிக்கையான கதை ஆகிவிட்டது. ரிஷிவந்தியத்திலிருந்து சொந்தக்காரர்கள் பத்திரிகையைப் பார்த்துவிட்டு மாலையோடு வேனில் வந்து இறங்கியதையும், இவரே போய், "யாருக்கு மாலை, உள்ள வாங்க" என்று கேட்டதையும், ஒரு பெரியம்மா மயக்கம் போட்டு விழுந்ததையும் வருகிறவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டுகிறார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை என்பது உனக்கும் தெரியும். ரத்த அழுத்தம் ஏறி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கல்யாணம் நின்றுபோகும் அளவுக்கு வந்தது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். முதல் இரண்டு வருஷம் நீ வேண்டுமென்றே செய்தாய் என்றுதான் நினைத்தேன். அம்மா சொன்னதை நானும் நம்பினேன். இப்போது நினைக்கவில்லை. அது உன் கை செய்த தவறு, உன் மனசு செய்ததல்ல. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன் செல்வி. அதை நேரில் வந்து சொல்லாமல் இருந்ததுதான் என் தப்பு.

நீ முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அதற்கு நான் எப்படி நன்றி சொல்வது. பிள்ளைகளிடம், "கள்ளக்குறிச்சியில ஒரு அக்கா உங்க பாடத்த எடுத்துக்கினு இருக்காங்க" என்று சொன்னேன். அதிலிருந்து தினமும், "அந்த அக்கா எந்தப் பாடம் வரைக்கும் எடுத்தாங்க டீச்சர்" என்று கேட்கிறார்கள். ஒருத்தி மட்டும் மெதுவாக எடுக்கச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
ஷாலினி


கள்ளக்குறிச்சி
24 ஜனவரி 2025

அன்புள்ள ஷாலினி,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன். 'உன் மனசு செய்ததல்ல' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரிக்காக. ஊருக்குப் போனபோது அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இன்னாத்துக்கு அழுவற, இனிமே வுடு" என்று சொல்லிவிட்டு அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. மன்னித்ததற்கு நன்றிடி. இதைக் கேட்க எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று.

இப்போது வேலை. பாடங்கள் எல்லாம் வந்துவிட்டன. உயிரியலில் இரண்டு படங்கள் மட்டும் போய்விட்டன. நாளைக்கு டவுனில் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை, நாளை மறுநாள் ஞாயிறு. காத்திருந்தால் உனக்கு இன்னும் மூன்று நாள் போய்விடும். அதனால் புது டிஸ்க்கை மட்டும் மாட்டி அனுப்புகிறேன். விண்டோஸை நீயே போட்டுக்கொள். பயப்படாதே, நான் சொல்கிறபடி செய்.

சிவப்புப் பென்டிரைவில் விண்டோஸ் இருக்கிறது. அதைச் செருகிவிட்டு லேப்டாப்பை ஆன் செய். செய்த உடனே எஃப்12 பொத்தானை விடாமல் தட்டு. ஒரு பட்டியல் வரும், அதில் யூஎஸ்பி என்று இருப்பதைத் தேர்ந்தெடு. டச்பேட் முதலில் வேலை செய்யாது, யாரிடமாவது மவுஸ் வாங்கி வைத்துக்கொள். விண்டோஸுக்கான லைசென்ஸ் கீ கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு, உன் மிஷினுக்குள்ளேயே அது பதிந்திருக்கிறது. 'கஸ்டம்' என்று வருவதை அழுத்து. அப்போது டிஸ்க்குகளைக் காட்டும். பெரியதாக, காலி இடம் என்று இருப்பதுதான் புது டிஸ்க், அதில் நெக்ஸ்ட் கொடு. சின்னதாக இருப்பது என் பென்டிரைவ், அதைத் தொட்டுவிடாதே. அரை மணி நேரத்தில் அதுவாக அணைந்து மறுபடி எழும். அணைகிற நேரத்தில் சிவப்புப் பென்டிரைவைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இன்டர்நெட் கேட்டால் இல்லை என்று கொடு, அது உண்மைதானே.

எல்லாம் முடிந்ததும் நீலப் பென்டிரைவைப் போடு. அதில் 'எழுத்து' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். முதலில் அதில் உள்ளதை இன்ஸ்டால் செய், பிறகுதான் மற்றவை. உன் பழைய டிஸ்க்கில் இருந்த எல்லாமே அந்த நீலத்தில் இருக்கிறது. பாடங்களில் மட்டும் ஒன்றிரண்டைத் திறந்து சரிபார்த்தேன். மற்ற ஃபோல்டர்களைத் தொடவில்லை. அடுத்தவர் சாமானைத் திறந்து பார்க்கிற பழக்கம் என் கடையில் இல்லை.

அன்புடன்,
செல்வி


கரியாலூர்
28 ஜனவரி 2025

செல்விக்கு,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். முதல் தடவை சிவப்பைப் பிடுங்க மறந்து, அது மறுபடி முதலிலிருந்து கேட்டது. இரண்டாவது தடவை விண்டோஸ் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அதன்பிறகு நீலத்தில் இருந்த பாடங்களை ஏற்றினேன். திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. அத்தனையும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிறுக்கியிருக்கிறது. நாற்பது ஃபைல் திறந்து பார்த்தேன், நாற்பதும் அப்படித்தான்.

முப்பத்தோரு பிள்ளைகளும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சரிபார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். என்னத்தைச் சரிபார்த்தாய். போன தடவையும் இப்படித்தான், அழித்தேன் என்றாய், அச்சில் இருந்தது. அம்மா சொன்னதை நம்பாதது என் முட்டாள்தனமோ என்று தோன்றுகிறது. உன் கை பட்டால் எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது.

ஷாலினி


கள்ளக்குறிச்சி
30 ஜனவரி 2025

ஷாலினிக்கு,

நீ தமிழ் டைப் பழகியது என்னோடு, டிடிபி சென்டரில், பாமினி எழுத்துருவில். இன்னமும் அதில்தான் அடிக்கிறாய். அந்த எழுத்துரு மிஷினில் இல்லாவிட்டால் தமிழ் தெரியாது, அதன் அடியில் இருக்கிற ஆங்கில எழுத்துதான் தெரியும். பழைய டிஸ்க்கில் எழுத்துரு இருந்தது, புது டிஸ்க்கில் இருக்காது. அதற்காகத்தான் 'எழுத்து' என்று ஒரு ஃபோல்டர் வைத்து, முதலில் அதை இன்ஸ்டால் செய் என்று எழுதினேன். நீ அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறாய்.

ஃபோல்டரைத் திற. பாமினி என்று இருப்பதை இரண்டு தடவை தட்டு. மேலே இன்ஸ்டால் என்று வரும், அதை அழுத்து. பாடங்களை மூடிவிட்டு மறுபடி திற. ஒரு எழுத்தும் போகவில்லை.

உயிரியலில் போன இரண்டு படங்களையும் தேடி, ஒரு புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்து இத்தோடு சின்னப் பென்டிரைவில் அனுப்பியிருக்கிறேன்.

மிஷினில் வேறு கோளாறு வந்தால் எழுது. வேறு எதற்கும் எழுத வேண்டாம். மன்னித்துவிட்டேன் என்று நீ எழுதியதை நான் அம்மாவுக்கே படித்துக் காட்டியிருக்கக் கூடாது.

செந்தமிழ்ச்செல்வி


கச்சிராயபாளையம்
9 பிப்ரவரி 2025

என் செல்விக்கு,

மிஷினில் கோளாறு இல்லை. கோளாறு என்னிடம். அதனால் எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன், கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படி.

எழுத்துருவைப் போட்டேன். போட்ட உடனே முதல் பாடத்தின் தலைப்பு தமிழில் வந்து நின்றது. பிள்ளைகள் எழுந்து நின்று வாசித்தார்கள். உன்னைப் பேசிய பேச்சுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று நீலப் பென்டிரைவை முழுக்கப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று திறந்தேன். உள்ளே என் கல்யாண ஃபோல்டர் இருந்தது.

அதில் மூன்று ஃபைல்கள். முதலாவது, நீ வேறு வீட்டுப் பத்திரிகை மேல் அடித்த முதல் படி. அதில் 'காலஞ்சென்ற' இருக்கிறது. இரண்டாவது, 2017 நவம்பர் மூன்றாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு நீ திருத்தி முடித்த படி. அதில் அந்தச் சொல் இல்லை. நீ அழித்திருக்கிறாய், செல்வி. அப்பாவின் பெயர் சுத்தமாக, திரு. சுப்புராயன் என்று இருக்கிறது. மூன்றாவது, மறுநாள் காலை ஏழு நாற்பதுக்குச் சேமித்தது, அதில் அந்தச் சொல் மறுபடி இருக்கிறது. அந்த நாள் நீ ரிஷிவந்தியத்தில் உங்கள் அக்கா மகள் காதுகுத்துக்குப் போயிருந்தாய். மூன்றாவது ஃபைல் நான் செய்தது.

எனக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. பெரியப்பா பெயர் விட்டுப்போயிற்று என்று அம்மா காலையிலேயே சண்டை போட்டார்கள். நான் அவசர அவசரமாக லேப்டாப்பைத் திறந்து, உன் திருத்திய படி என்று நினைத்து முதல் படியைத் திறந்திருக்கிறேன். பெரியப்பா பெயரைச் சேர்த்தேன். வேறு எதையும் படிக்கவில்லை. நானே பென்டிரைவில் போட்டு, நானே பிரஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் அப்பாவைச் செத்தவர் என்று அச்சடித்தது நான்தான்.

இது உனக்குத் தெரியாது. நீயே உன்னை நம்பாமல் இருந்திருக்கிறாய். நீ திறந்து பார்க்க மாட்டேன் என்று விட்ட ஃபோல்டர் அது, நான் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணமும் எனக்கு வந்தது, உன்னிடம் ஒளிக்க மாட்டேன். ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன். நான் உன்னை மன்னித்ததாக எழுதினேனே, அதை நினைத்தபோது உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நீ அதற்கு நன்றி வேறு சொல்லியிருந்தாய்.

நேற்று சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து மூன்று ஃபைலையும் காட்டினேன். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டாவதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "கொளஞ்சியம்மா வூடு இப்பவும் ஏரிக்கரைப் பக்கந்தான இருக்குது" என்று கேட்டார்கள். மூன்று பேரும் உங்கள் வீட்டுக்குப் போனோம்.

உங்கள் அம்மா வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தது. எங்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு எங்க வூட்டுது, கொளஞ்சி. ஏழு வருசமா உன் பொண்ண நான் வாயில போட்டு மென்னுக்கினு இருந்தேன்" என்று அழுதார்கள். உங்கள் அம்மா, "சரி வுடுங்க, கண்ணத் தொடைங்க, மொளகா நெடி ஏறுது" என்றது. அப்புறம் என்னைப் பார்த்து, "எனக்கு வேற கொல்லையில வேல கெடச்சிது. எம் பொண்ணுக்குத்தான் அது கையே அதுக்கு ஆவாம பூட்ச்சி. தப்பு அதும்மேல இல்லன்னு நீ போய் அதுகிட்டச் சொல்லு" என்றது. அதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரில் வந்தால் அழுதுவிடுவேன், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிடுவேன்.

உன் கையில் பிழை இல்லை செல்வி. அன்றும் இல்லை. இரண்டாவது ஃபைலைப் பிரிண்ட் எடுத்து இத்தோடு வைத்திருக்கிறேன், தேதியும் நேரமும் கீழே தெரிகிற மாதிரி. அதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இத்தனைக்குப் பிறகும் என் பிள்ளைகளுக்காக ஒரு வாரம் அந்த டிஸ்க்கோடு உட்கார்ந்தாய், நான் ஏசிய பிறகும் இரண்டு படம் தேடி அனுப்பினாய். அதற்கான நன்றியை என் ஆயுசு முழுக்கச் சொன்னாலும் தீராது.

உன்,
ஷாலினி


கள்ளக்குறிச்சி
17 பிப்ரவரி 2025

அன்புள்ள ஷாலினிக்கு,

என் கையெழுத்தைக் காணோமே என்று தேடாதே. டைப் செய்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஏழு வருஷம்டி. எத்தனை பேர் பத்திரிகை அடிக்கக் கேட்டு வந்தார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் கடையில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். அது இன்னும் பாக்கி, நேரில் வரும்போது வாங்கிக்கொள்.

மூன்றாவது நாள் நீ அனுப்பிய பிரிண்ட்டை எடுத்துப் பார்த்தேன். 'திரு. சுப்புராயன்' என்று இருந்தது. நான் அழித்தேன் என்று எனக்கு ஞாபகம் இருந்தது, அந்த ஞாபகம் பொய் இல்லை. இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியுமா, தெரியாது. எனக்குப் பைத்தியம் இல்லை என்று யாரோ எழுதிக்கொடுத்த மாதிரி இருந்தது. நீ சொல்லாமல் இருந்திருக்கலாம், ஷாலினி. ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. சொன்னாய். எங்கள் அம்மாவிடமும் போய்ச் சொன்னாய். அதற்கு நான் உனக்கு நன்றி சொல்கிறேன், இந்தத் தடவை விஷயம் தெரிந்தே சொல்கிறேன்.

அம்மா உன்னைத் திட்டவில்லை. "ஒத்துக்கினு வூடு தேடி வந்துதே, அது போதும்" என்கிறது.

நேற்று பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வாசகம் அடிக்க வேண்டும் என்று வந்தார். டைப் வேலை செய்வதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு உட்காருங்கள் என்றேன். புது ஃபைல் திறந்தேன், யாருடையதன் மேலும் அடிக்கவில்லை. முதல் வரியில் கை நடுங்கியது, மூன்றாவது வரியில் நின்றுவிட்டது. பெண்ணின் அப்பா அவரே என்பதால் அவரிடமே கேட்டேன், "நீங்க நல்லா இருக்கீங்க இல்ல" என்று. ஒரு மாதிரி பார்த்தார். அடித்து முடித்து ஒரே ஒரு தடவை படித்துவிட்டு அவரிடம் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தையும் ஒரு தடவைதான் படித்தேன்.

அன்புடன்,
உன் செல்வி